எல்லையோரத் தடங்கள் – 17: இயந்திரமாக ஆடிய மனிதர்கள்

சென்ற இதழில் ஒசூருக்குச் சிப்காட் வந்த கதையைப் பார்த்தோம். ராகியும் அவரையும் மல்பெரியும் விளைந்த மேட்டு நிலத்தில் 1970களில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 இங்கிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டின் சந்து பொந்தெல்லாம் புகுந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது. 1980களின் பின்பாதியில், பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துக் கைக்கடிகாரம் செய்ய வைத்தது டைட்டன்.

இந்த மாற்றத்தில் சம்பளம் எவ்வளவு கூடியது, நிலத்தின் விலை எப்படி ஏறியது என்றெல்லாம் நிறையப் பேசியாயிற்று. நேற்றுவரை ஏர் பிடித்த, களை எடுத்த, பட்டுப்புழுவுக்கு இலை பறித்த உடம்பு, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கியபோது அந்த உடம்புக்கு என்ன நேர்ந்தது? ஒசூர் தொழில் நகரமாவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை ஒருவர் மேடையேற்றியிருக்கிறார். அவர் பொருளாதார நிபுணரும் இல்லை, தொழிற்சங்கத் தலைவரும் இல்லை. நடனக்காரர். பெயர் உதய்சங்கர்.

சிதார் மேதை ரவிசங்கரின் மூத்த அண்ணன் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் 1930களில் நிலைமை தலைகீழ். அன்று உலகம் அறிந்திருந்தது அண்ணனைத்தான். அவர் குழுவில் ஆடிக்கொண்டிருந்த பொடியன்தான் தம்பி. இந்தியாவில் 'பாலே' என்ற பெயரில் ஆடப்பட்ட அத்தனைக்கும் ஊற்றுக்கண் உதய்சங்கர். அவர் கதை லண்டனில் தொடங்கி, இமயமலைச் சாரல் வழியாகச் சென்னை மவுண்ட் ரோட்டுக்கு வந்து சேர்கிறது. 'உழைப்பும் இயந்திரமும்' என்ற ஒரே ஒரு படைப்பின் பொருட்டு அவர் நம் தொடருக்குள்ளும் வருகிறார்.

ஒரே அறிவுரை, இரண்டு பாதைகள்

உதய்சங்கர் 1900 டிசம்பர் 8 அன்று உதய்ப்பூரில் பிறந்தார். தந்தை ஷியாம் சங்கர் வழக்கறிஞர், சமஸ்கிருத அறிஞர், ஜாலாவார் சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். மகனை ஓவியனாக்கத்தான் ஆசைப்பட்டார். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த உதய், 1920-ல் லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குப் போனார். தந்தை லண்டனில் நடத்திய இந்தியக் கலை நிகழ்ச்சிகளில் அவ்வப்போது ஆடினார். எந்த ஆசானிடமும் முறையாக நடனம் கற்றவர் அல்ல.

அந்தச் சமயத்தில் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா இந்தியக் கருப்பொருளில் ஒரு படைப்புக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்த இளைஞர் அவர் கண்ணில் பட்டார். 1923-ல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் 'ராதா-கிருஷ்ணா', 'இந்துத் திருமணம்' என்ற இரண்டு நடனங்கள் மேடையேறின. பாவ்லோவா ராதை, உதய் கிருஷ்ணன். பிறகு அவருடன் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். ஐரோப்பிய பாலேயைக் கற்கும் ஆசை உதய்க்கு வந்தபோது பாவ்லோவா தடுத்தார். உன் நாட்டின் நடனத்தைத் தேடிப் போ என்பதே அவர் சொன்னதன் சாரம்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொருவருக்கும் பாவ்லோவா இதையே சொன்னார். அவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர் அவர். அறிவுரை ஒன்றுதான், போன பாதைகள் இரண்டு. ருக்மிணி தேவி சதிரைக் கற்று, 1935-ல் அடையாற்றில் மேடையேறி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஒரு மரபை எடுத்து அதற்கு வரம்பு கட்டி, பாடத்திட்டம் வகுத்து, 'குற்றாலக் குறவஞ்சி' முதலான நாட்டிய நாடகங்களை அந்த இலக்கணத்துக்குள் நின்று அமைத்தார். உதய்சங்கர் எந்த மரபுக்கும் வாழ்க்கைப்படவில்லை. கோயில் சிற்பம், கதகளி, மணிப்புரி, கிராமத்துக் கூத்து எல்லாவற்றிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டார். சாஸ்திரம் தெரியாதவர் என்ற பழி கடைசிவரை அவரை விடவில்லை.

1930-ல் சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனருடன் இந்தியாவைச் சுற்றி வந்தார். 1931-ல் பாரிஸின் ஷான்ஸெலிஸே அரங்கில் சொந்தக் குழுவுடன் மேடையேறினார். தம்பிகள், சித்தப்பா, உறவுக்காரப் பெண், பிரெஞ்சுப் பெண் சிம்கி என்று குடும்பமும் நட்பும் கலந்த குழு. அமெரிக்காவில் சால் ஹூரோக் என்ற பெரிய நிகழ்ச்சி அமைப்பாளர் அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒரு நடனம் இத்தனை நிமிடம், விளக்கு இந்த நொடியில் மாறும், திரை இந்த நொடியில் விழும் என்ற கட்டுப்பாட்டை உதய்சங்கர் பாவ்லோவாவிடம் கற்றார். இரவெல்லாம் நீளும் நம்மூர் ஆட்டத்துக்கும் அவர் மேடைக்கும் இருந்த பெரிய வேறுபாடு இதுதான்.

அந்தக் காலத்து விமர்சகர்களில் சிலர் அவரைக் கீழ்த்திசைக் கவர்ச்சியை மேற்கில் விற்றவர் என்றார்கள். சிவன், இந்திரன், அப்சரஸ் என்று அவர் ஆடியவற்றைப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1930களின் இறுதியில் அவர் தெய்வங்களிடமிருந்து தொழிலாளியிடம் திரும்பினார்.

அல்மோராவும் ஆலையும்

இந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் இருக்கிறது. தாகூரின் ஸ்ரீநிகேதனில் கிராமப் பணி செய்த லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்டும் அவர் மனைவி டாரதியும் நடத்திய கலை-வேளாண் குடியிருப்பு அது. போருக்கு எதிரான 'பச்சை மேசை' பாலேவை அமைத்த ஜெர்மானியர் கர்ட் யூஸ், ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி அங்கே தஞ்சம் புகுந்திருந்தார். நடிப்பு ஆசான் மைக்கேல் செகாவும் அங்கே பள்ளி நடத்தினார். அங்கே தங்கிய உதய்சங்கர், நடனம் சமகாலத்தைப் பேச முடியும் என்பதைக் கண்ணால் கண்டார். எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியின் பண உதவியும் கிடைத்தது. அதைக் கொண்டு 1938-ல் அல்மோராவில் இந்தியக் கலாசார மையத்தைத் தொடங்கினார்.

அந்த மையத்தின் ஆசிரியர் பட்டியல் இன்றும் வியக்க வைக்கும். இசைக்கு அலாவுதீன் கான், கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், பரதத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கந்தப்பா பிள்ளை. கந்தப்பா என்றால் பாலசரஸ்வதியை உருவாக்கிய நட்டுவனார். அவர் அல்மோராவுக்குப் போனது அந்த மாணவிக்குப் பேரிழப்பு. போன சில ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார். உதய்சங்கரின் சாதனைக் கணக்கில் இந்தப் பற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மாணவர்கள் காலையில் அடவோடு தொடங்கவில்லை. நடக்கக் கற்றார்கள். வெறுமனே நடப்பது, கூட்டமாக நடப்பது, ஒருவர் வேகத்துக்கு மற்றவர் ஈடுகொடுத்து நடப்பது. பிறகு கற்பனைப் பயிற்சி: ஒரு சூழலைச் சொல்வார், அந்த இடத்திலேயே உடம்பால் அதை உருவாக்க வேண்டும். தனி ஆட்டக்காரரை உயர்த்திப் பிடித்த நாட்டில், கூட்டத்தின் உடம்பை ஒரு கருவியாக இழைத்தெடுத்தது இந்தப் பயிற்சி. அதன் பெரிய விளைச்சல் 'உழைப்பும் இயந்திரமும்'.

கதை எளிமையானது. கிராமத்தில் உழுது விதைத்துப் பாடி வாழும் மக்களை ஆலை இழுக்கிறது. போனவர்கள் ஆலையின் உறுப்புகளாகிறார்கள். இறுதியில் கிளர்ந்தெழுகிறார்கள். கதையைவிட அதை அமைத்த விதம்தான் முக்கியம். நடுப்பகுதியில் மேடையில் மனிதர்களே இயந்திரம். கைகள் உந்துதண்டுகளாகப் போய்வருகின்றன, உடல்கள் பல்சக்கரங்களாகத் திரும்புகின்றன, ஒருவர் அசைவு முடியும் இடத்தில் அடுத்தவர் அசைவு தொடங்குகிறது. இந்திய நடனத்தின் பாதி உயிர் கண்ணிலும் புருவத்திலும் இருக்கிறது. இங்கே முகபாவத்துக்கு வேலையே இல்லை. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது அந்த வரிசைக்குத் தேவைப்படவில்லை. அவர் கை சரியான நொடியில் வந்தால் போதும்.

தாளத்திலும் இதே மாற்றம். நம் மரபில் ஜதி எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தீர்மானத்துக்கு வந்து சமத்தில் விழும். அந்த விழுகையில் ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரு நிறைவு உண்டு. இயந்திரத்தின் தாளத்துக்குத் தீர்மானம் கிடையாது. அது தொடரும், அல்லது சங்கு ஊதி நிற்கும். ஒசூரில் லைனில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெல்ட்டில் பொருள் வருகிறது, கை போகிறது, முடுக்குகிறது, விடுகிறது, அடுத்தது வந்துவிட்டது. இலக்கை எட்டினால் மறுவாரம் இலக்கு உயரும். 'லைன் நிக்கக் கூடாது' என்பதுதான் அங்கே ஒரே இலக்கணம்.

ஆலையை மேடையேற்றியதில் உதய்சங்கர் உலகத்தில் முதல் ஆள் அல்ல. அவர் பாரிஸில் இருந்த காலத்திலேயே, 1927-ல், தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு புரோகோஃபீவின் இசையில் ஒரு ஆலை பாலேவை அங்கே அரங்கேற்றியது. அதே ஆண்டு ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படமும், 1936-ல் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படமும் வந்தன. ஆனால் ஐரோப்பியக் கலைஞன் காட்டியது தலைமுறைகளாக ஆலையில் இருந்த மனிதனை. உதய்சங்கர் காட்டியது இப்போதுதான் வயலை விட்டு வந்த மனிதனை. அவன் உடம்பில் ஏர் பிடித்த பழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. நம் ஒசூர்க் கதைக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது ஆள்தான்.

டார்டிங்டனோடு தொடர்புள்ள இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். யூஸின் ஆசான் ருடால்ஃப் லாபான் 1938-ல் அங்கே வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளில் பெண்கள் நிரம்பிய காலம். எஃப்.சி. லாரன்ஸ் என்ற ஆலை நிர்வாக ஆலோசகருடன் சேர்ந்து லாபான் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். கனமான டயர்களை வெறும் தசை வலுவால் தூக்கித் திணறிய பெண்களுக்கு, உடம்பை ஊசலாட்டி அந்த வேகத்திலேயே தூக்கும் முறையைப் பழக்கினார்கள். 1947-ல் இருவரும் சேர்ந்து இதைப் பற்றி நூலே எழுதினார்கள். கடிகாரத்தோடு நின்று நொடிகளைக் குறைக்கும் 'டைம் ஸ்டடி' மட்டுமே அறிந்த ஆலைக்குள் நடனக்காரரின் கண் நுழைந்தது அபூர்வம்தான். ஆனால் லாபானின் அக்கறை உடம்பு நோகாமல் உற்பத்தி நடப்பது. உற்பத்திக்காக உடம்பு என்னவாகிறது என்று கேட்டவர் உதய்சங்கர்.

காந்தியத்தின் சாயலும் இந்தப் படைப்பில் தெரியும். 'ஹிந்த் சுவராஜ்' நூலில் இயந்திரத்தைக் கடுமையாகச் சாடியவர் காந்தி. அவருடைய கதர் இயக்கத்தைத் தமிழ்நாட்டில் தோளில் சுமந்த ராஜாஜி பிறந்தது ஒசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில். ராட்டையைப் பரப்பியவரின் ஊர்ப்பக்கம்தான் இன்று மாநிலத்தின் முதன்மையான ஆலைப் பகுதிகளில் ஒன்று.

மவுண்ட் ரோட்டில் ஒரு கற்பனை

பணமும் உட்பூசலும் நெருக்க, அல்மோரா மையம் 1944-ல் மூடப்பட்டது. உதய்சங்கர் தன் நடனங்களைத் திரைப்படத்தில் ஏற்றிக் காப்பாற்ற முடிவு செய்து சென்னைக்கு வந்தார். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' உருவானது. அவரும் மனைவி அமலாவும் நடிக்க, விஷ்ணுதாஸ் சிராலி இசையமைக்க, கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். திருவாங்கூர் சகோதரிகளில் ஒருவரான பத்மினி சிறுமியாக முதலில் திரையில் ஆடியது இந்தப் படத்தில்தான்.

இமயத்தில் ஒரு கலை மையம் கட்டத் துடிக்கும் உதயன் என்ற நடனக்காரனின் கனவுதான் படம். ஒரு எழுத்தாளன் இந்தக் கதையைத் தயாரிப்பாளரிடம் சொல்கிறான். வசூலைத் தவிர வேறெதுவும் தெரியாத தயாரிப்பாளர் அதைத் தள்ளிவிடுகிறார். ஆலைக் காட்சி இந்தப் படத்துக்குள் வருகிறது. பிரம்மாண்டமான சக்கரங்களுக்கு நடுவே மனிதர்களும் சக்கரங்களாகச் சுழல, காமிராக் கோணங்கள் அவர்களை இன்னும் சிறுத்துக் காட்டுகின்றன. மேடையில் நேராகப் பார்த்ததைத் திரை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தது.

1948-ல் படம் வெளியானது, வசூல் இல்லை. படத்துக்குள் இருந்த தயாரிப்பாளரின் கணிப்பு படத்துக்கே பலித்துவிட்டது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் இதைப் பலமுறை பார்த்து ஒளிப்பதிவின் பாடங்களைக் கற்றுக்கொண்டார். ஆனால் பெரும் திரள் அதே ஆண்டு ஏப்ரலில் அதே ஜெமினியிலிருந்து வந்த 'சந்திரலேகா'வைப் பார்க்கப் போனது.

'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை அறியாத தமிழர் குறைவு. ஆளுயர முரசுகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாக ஆடும் பெண்கள், முடிவில் முரசுக்குள்ளிருந்து பாய்ந்து வரும் வீரர்கள். 'கல்பனா' படமாகிக்கொண்டிருந்த அதே வளாகத்தில் உருவான காட்சி. கூட்டத்தை வடிவமாக்குவது, பொருளையும் உடம்பையும் ஒன்றாகப் பின்னுவது, காமிராவுக்கென்றே நடனம் அமைப்பது ஆகிய மூன்றும் அங்கே நிறைந்திருக்கின்றன. பின்னால் தமிழ், இந்திப் படங்களில் நூறு பேர் ஒரே நேரத்தில் கையசைக்கும் பாட்டுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். ஆனால் சினிமா கூட்டத்தை எடுத்துக்கொண்டு உழைப்பை வாசலிலேயே விட்டுவிட்டது. தொழிலாளி திரையில் நிறைய வந்தான். கதாநாயகனாக வந்தான், சங்கத் தலைவனாக வந்தான், வசனம் பேசினான். அவன் வேலை செய்யும் அசைவு மட்டும் ஆடற்பொருளாகவில்லை.

பிரிந்து போன கிளைகள்

அந்த இழையை உதய்சங்கரின் மாணவர்களில் சிலர் விடாமல் பிடித்திருந்தார்கள். முதன்மையானவர் சாந்தி பர்தன். வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டாவின் நடனக் குழுவை அவர் வழிநடத்தினார். பசியும் போரும் சுரண்டலும் அந்தக் குழுவின் கருப்பொருள்கள். 1952-ல் பம்பாயில் லிட்டில் பாலே குழுவைத் தொடங்கி, மனிதர்கள் பொம்மலாட்டப் பொம்மைகளாக ஆடும் 'ராமாயண'த்தை அமைத்தார். தோளும் முழங்கையும் விறைத்து, கயிற்றில் தொங்குவதுபோல ஒவ்வொரு அசைவும் வெட்டி வெட்டி வரும். அல்மோராவில் மனிதன் இயந்திரமானான், பம்பாயில் பொம்மையானான். 1954-ல் காசநோய் பர்தனைக் கொண்டுபோனது. மனைவி குல் பர்தன் அந்தக் குழுவைப் பல பத்தாண்டுகள் கட்டிக் காத்தார்.

மற்றவர்கள் வேறு திசைகளில் போனார்கள். ஸோஹ்ரா சேகல் நாடகத்துக்கும் திரைக்கும் போனார். நரேந்திர சர்மா டெல்லியில் நவீன நடனத்தை வளர்த்தார். நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் 1925-ல் பிறந்த குரு தத், அல்மோராவில் பயின்று, புனே பிரபாத் நிறுவனத்தில் நடன அமைப்பாளராகச் சேர்ந்து, அங்கிருந்து இந்தி சினிமாவின் பெரிய இயக்குநராக உயர்ந்தார். அவர் பாட்டுக் காட்சிகளில் காமிராவே நடந்து திரும்பி நிற்கும் லாகவத்துக்கு அல்மோராவின் நடைப் பயிற்சியில் ஒரு வேர் இருக்கிறது.

உதய்சங்கர் பிற்காலத்தில் தாகூரின் கவிதையைக் கொண்டு 'சாமான்ய க்ஷதி' பாலேவை அமைத்தார். மேடையையும் திரைப்படத்தையும் இணைத்த 'சங்கர்ஸ்கோப்' என்ற சோதனையையும் செய்தார். 1971-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. 1977 செப்டம்பர் 26 அன்று கல்கத்தாவில் காலமானார். 'கல்பனா' மறக்கப்பட்டுக் கிடந்து, பழுதுநீக்கப்பட்டு, 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது அமலா சங்கர் நேரில் போய் அமர்ந்து பார்த்தார். அவர் 2020-ல் 101 வயதில் மறைந்தார்.

இங்கே யார் ஆடுவது?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இன்றும் பாரதக் கூத்து நடக்கிறது. கடைசி நாளில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் காண்பார்கள். கட்டை கட்டி, புஜகீர்த்தி வைத்து ராத்திரி முழுக்கச் சுழன்றாடும் கலைஞர்களில் பலர் பகலில் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள். கட்டியக்காரன் நடுவில் புகுந்து ஊர் நடப்பை, விலைவாசியை, அதிகாரிகளைக் கிண்டலடிக்கிறான். சமகாலத்தைப் பேசும் வாசல் கூத்துக்குள் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வேலை செய்த உடம்பும் அங்கேயே இருக்கிறது.

ஆலையின் உடம்பும் மாறிவிட்டது. உதய்சங்கர் கண்டது பெரிய சக்கரம், பெரிய உந்துதண்டு. இன்று தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மின்னணு ஆலைகளிலும் போச்சம்பள்ளியின் மின்ஸ்கூட்டர் ஆலையிலும் வேலை செய்பவர்களில் இளம்பெண்களே மிகுதி. மின்னணு ஆலையில் அசைவு விரல் நுனிக்குச் சுருங்கிவிட்டது. கண் கூர்ந்திருக்கும், கழுத்து குனிந்திருக்கும், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. முகமூடியும் தலையுறையும் போட்ட பிறகு முகபாவத்துக்கு உண்மையிலேயே இடமில்லை. அல்மோராவில் கலைஞன் கற்பனை செய்ததை இங்கே சீருடையே செய்துவிடுகிறது.

உதய்சங்கரின் ஆலை நடனம் முழுமையான படைப்பு என்று சொல்ல முடியாது. கிராமத்தை அவர் அளவுக்கு மீறி இனிமையாக்கினார். வயலிலும் அடிமைத்தனம் இருந்தது, சாதி இருந்தது. ஆலைச் சம்பளம் பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மூச்சுவிட வழி கொடுத்தது. ஒசூரில் நின்று பார்க்கும் யாரும் அவர் முடிவை அப்படியே ஏற்கமாட்டார்கள். ஆனால் அவர் தொடங்கிய இடம் சரியானது. தெய்வமும் அரசனும் காதலியும் மட்டுமே ஆடத் தகுந்தவர்கள் என்றிருந்த மேடையில், ஸ்பேனர் பிடித்த கையும் ஆடற்பொருள்தான் என்று நிலைநாட்டினார். அந்த உரிமை இன்னும் செல்லுபடியாகும். அதைக் கையிலெடுக்கும் நடனம் ஒசூரிலிருந்து வந்தால், கிராமமா ஆலையா என்ற பழைய வழக்கை அது பேசாது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் விரல்கள் எதைச் செய்துகொண்டே இருக்கின்றன என்பதைத்தான் முதலில் ஆடும்.

அடுத்த இதழில்: பெங்களூரில் வளர்ந்து, 1939-ல் லண்டன் மேடையை வென்ற ராம் கோபாலின் கதை.

(தொடரும்)